சார்ஜ் ஏறாத லேப்டாப்பும் நான் சொல்லாத உண்மையும்

"போர்டு போச்சு தம்பி. மாத்தணும்னா ஏழாயிரம் ஆகும்."

கடைக்காரர் சொன்னதும் அக்காவின் முகம் வாடிப் போயிற்று. அது சாதாரண லேப்டாப் அல்ல நண்பர்களே! 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோது அக்காவுக்குக் கிடைத்தது. அரூர் பக்கம் மரவள்ளி பயிரிடும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர். இத்தனை வருடம் உழைத்து, இன்று குரூப் 4 தேர்வுக்கு அக்கா அதில்தான் படிக்கிறாள். அடாப்டர் செருகியிருந்தால் ஓடும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

இதற்கு முன் வேறொரு கடையில் "பேட்டரி போச்சு" என்றார்கள். கிழங்கு விற்ற காசில் அப்பா 2,200 ரூபாய் கொடுத்துப் புதுசு வாங்கினார். அதைப் போட்டும் திரையில் அதே சிவப்புப் பெருக்கல் குறி! "எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற? மூணு வருஷமா என்னடா கத்துக்கிட்ட?" என்று அப்பா கேட்டார். பதில் இல்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, எங்கள் தெருவில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் அண்ணனிடம் போனேன்.

"இதுக்கு முன்னாடி இதுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி, மீட்டரை எடு. நீயே அளந்து பாரு. அளக்காம எதையும் போச்சுன்னு சொல்லாத."

அடாப்டர் முனையில் 19 வோல்ட். போர்டில் ஜாக்கின் காலில் 19. அதைத் தாண்டியுள்ள இரண்டு மாஸ்ஃபெட்டுகளுக்கு அப்பாலும் 19. அப்படியானால் மின்சாரம் உள்ளே ஒழுங்காகத்தான் வருகிறது. பிறகு ஏன் சார்ஜ் ஏறவில்லை?

அண்ணன் விளக்கினார். லேப்டாப் பேட்டரி நம் டார்ச் லைட் செல் மாதிரி ஊமை இல்லை. அதற்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. தன் வோல்டேஜ், சூடு எல்லாவற்றையும் 'கிளாக்', 'டேட்டா' என்ற இரண்டு கம்பிகள் வழியே போர்டுக்குச் சொல்லும். இன்டெலும் டியூராசெல்லும் 1990-களில் வகுத்த முறை இது. லித்தியம் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் ஆபத்து. ஆகவே பேட்டரி பேசாவிட்டால் போர்டு சார்ஜ் கொடுக்காது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடாப்டர் செருகியபடியே கனெக்டரின் கால்களை அளந்தேன். கிளாக்கில் 3.3 வோல்ட். டேட்டாவில் பூஜ்யம்! என் கை நடுங்கியது.

அடாப்டரைப் பிடுங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். கனெக்டருக்குப் பக்கத்தில் கடுகைவிடச் சிறிய ரெசிஸ்டர் ஒன்று, பச்சைக் களிம்பு பிடித்து இருந்தது. கிளாக் வழியில் உள்ள அதன் ஜோடியை அளந்தால் 100 ஓம்; இதில் தொடர்பே இல்லை. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே 100 ஓம் எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து அண்ணன் பற்றவைத்தார். பேட்டரியை மாட்டினோம். சிவப்புக் குறி மறைந்தது. ஒரு சதவீதம்... இரண்டு சதவீதம்...

"தண்ணி படாம இந்தக் களிம்பு வராதுடா" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

தண்ணீர் இல்லை, டீ. ஆறு மாதத்துக்கு முன் அக்கா இல்லாத நேரத்தில் படம் பார்த்தபோது நான்தான் கொட்டினேன். கவிழ்த்துப் பிடித்து, ஃபேனில் காயவைத்து, ஒன்றும் தெரியாதவன்போல் எடுத்த இடத்தில் வைத்தேன். முதல் கடையிலேயே அதைச் சொல்லியிருந்தால் டீ பட்ட இடத்தைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள். அப்பாவின் 2,200 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அன்று ராத்திரி வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார். அக்கா மட்டும், "அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?" என்றாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நண்பர்களே! நாளை நாமும் பழுது பார்க்க உட்காருவோம். "இதற்கு முன் என்ன ஆச்சு?" என்று எதிரில் இருப்பவரைக் கேட்போம். அந்தக் கேள்விக்கு முதலில் நாம் உண்மை சொல்லிப் பழகுவோம். மீட்டர் அதற்குப் பிறகுதான்.