ஹோஸைக் கடைசியில் வாங்கு

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மார்க் 4 அம்பாசிடரின் பழைய 1489 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு, கான்டெசாவின் 1.8 இசுசுவை உட்காரவைத்துவிட்டாய். நல்ல தேர்வு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் இசுசு 1.8 போட்டு அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட். என்று விற்றது. அந்த வண்டியின் ரேடியேட்டர் எங்காவது கிடைத்தால் உன் வேலை பாதி குறையும். கிடைக்காமல் மார்க் 4 ரேடியேட்டரையே வைத்துக்கொள்வதானால், இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படி.

“பதினாலு இன்ச் ஹோஸ் ரெண்டு அனுப்புக்கா” என்று எழுதியிருக்கிறாய். இப்போது அனுப்பமாட்டேன். இன்ஜின் மாற்றும்போது கடைசியாக வாங்க வேண்டியது ஹோஸ்தான். ரேடியேட்டர், ஃபேன், பெல்ட், ஏர் ஃபில்டர், பேட்டரி எல்லாம் போல்ட் போட்டு அதனதன் இடத்தில் நின்ற பிறகுதான் ஹோஸ் போக எந்த வழி மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

நீளத்தை விடு. எனக்கு முதலில் வேண்டியது, ஹோஸ் மாட்டும் வாய்களின் அளவு. இன்ஜினில் இரண்டு, ரேடியேட்டரில் இரண்டு, நான்கையும் வெர்னியர் வைத்து எடு. நுனியில் இருக்கும் மேட்டில் அளக்காதே, அதற்குப் பின்னால் அள. ஹோஸை எங்கள் கடையில் உள்விட்டம் சொல்லித்தான் விற்கிறோம், 32, 35, 38 மில்லிமீட்டர் என்று. இரண்டு வேறு வண்டிகளிலிருந்து வந்த ரேடியேட்டரும் இன்ஜினும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பாதே. 3 மில்லிமீட்டர்தானே, கிளிப்பை முறுக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஆகாது. ரப்பர் மடிந்து, அந்த மடிப்பு வழியாகவே கசியும். அளவு வேறுபட்டால் ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாக வார்த்த ஹோஸ் தேடித் தருகிறேன். இல்லையென்றால் ரேடியேட்டர் பட்டறையில் வாயையே மாற்றிப் பற்றவைத்துக்கொள். உன்னுடையது பித்தளை ரேடியேட்டர், அது சின்ன வேலைதான்.

அடுத்து, ஒவ்வொரு ஹோஸுக்கும் வளையக்கூடிய கம்பி ஒன்றை எடுத்து, ஒரு வாயின் நடுவிலிருந்து மறு வாயின் நடுவரைக்கும் ஹோஸ் போக வேண்டிய வழியிலேயே வளை. ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் ஓர் அங்குலமாவது தள்ளிப் போகட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு இன்னும் தள்ளி. ஹோஸ் வாயின் மேல் ஏற வேண்டிய 30 மில்லிமீட்டரை இரண்டு பக்கமும் பெயின்டில் குறித்து அனுப்பு. அந்தக் கம்பியைக் கடைச் சுவரில் தொங்கும் ஹோஸ்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பேன். லாரி ஹோஸோ டிராக்டர் ஹோஸோ, நமக்கு வேண்டிய வளைவு அதில் இருந்தால் போதும், மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம். நேர் ஹோஸை வாங்கி நீயே வளைத்தால் வளைவில் சப்பிப்போய் தண்ணீர் ஓட்டம் குறையும். மடிப்பு மடிப்பாக இருக்கும் ஃப்ளெக்சிபிள் ஹோஸ் எங்கேயும் வளையும்தான். ஆனால் அந்த மடிப்புகளிலேயே நாளடைவில் விரிசல் விழும். நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அது போதும். நம் வண்டிக்கு நிரந்தரமாக அது வேண்டாம்.

எல்லாரும் மேல் ஹோஸையே பார்க்கிறார்கள். சூடான தண்ணீர் அதில் வருவதால் பயம். எனக்குக் கீழ் ஹோஸ்தான் கவலை. அதிலிருந்து வாட்டர் பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது. நீ ஆக்சிலரேட்டரை மிதித்து இன்ஜின் வேகம் ஏறும்போது, மெல்லிய சுவருள்ள ஹோஸ் இளநீர்க்கடைக் காகித ஸ்ட்ரா மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஐடிலிங்கில் எல்லாம் சரியாக இருக்கும், நெடுஞ்சாலையில் மட்டும் சூடு ஏறும், மெக்கானிக் காரணம் தேடிக்கொண்டே இருப்பார். கீழே தடித்த சுவருள்ளது போடு, அல்லது உள்ளே ஸ்பிரிங் உள்ளது. ஸ்பிரிங்கைக் கழற்றி எறிய யாரையும் விடாதே. இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், ரேடியேட்டர் பாடியோடு அசையாமல் நிற்கும். அதனால் எந்த ஹோஸும் விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கக் கூடாது.

அம்மாவைக் கொடைக்கானல் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் கொதிநிலை 115 டிகிரி வரை ஏறும். அந்த அழுத்தம் முழுவதையும் ஹோஸும் கிளிப்பும்தான் தாங்க வேண்டும். வத்தலகுண்டு தாண்டியதும் இரண்டாவது கியரில் ஏறும் வண்டிக்கு இது விளையாட்டில்லை.

மாட்டும்போது கிரீஸோ ஆயிலோ தடவாதே, ஹோஸ் ரப்பர் ஊறி உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். கிளிப் மேட்டின் மேல் உட்காரக் கூடாது, அதைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். சிலிகான் ஹோஸ் அழகாக இருக்கிறதென்று ஆசைப்பட்டால், உட்புறம் வழவழப்பான கிளிப் வாங்கு. பல்வெட்டுள்ள சாதாரணக் கிளிப் சிலிகானை அறுத்துவிடும். என்னைக் கேட்டால் நல்ல இ.பி.டி.எம். ரப்பரே போதும். போர் தண்ணீர் ஊற்றாதே, உப்பு படியும். கூலன்ட்டையும் சுத்திகரித்த நீரையும் சரிபாதி கலந்து ஊற்று. மேல் ஹோஸில் நடுவில் மேடு இருந்தால் காற்று அங்கே அடைபடும், ரேடியேட்டரை நோக்கி ஹோஸ் ஏறிக்கொண்டே போகட்டும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குளிர்ச்சியாக ஓடும் என்பது பட்டறைப் பேச்சு, கேட்காதே. முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு எல்லாக் கிளிப்பையும் ஒரு தடவை இறுக்கு.

ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் புது இன்ஜின் எண்ணை ஏற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதே.

நான்கு வாய் அளவும் இரண்டு கம்பியும் புதன்கிழமைக்குள் வரட்டும். இங்கே ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையில் இருந்தாலும் வாங்கி வெள்ளிக்கிழமை பார்சலில் போட்டுவிடுகிறேன். அதுவரை உள்ளூரில் எதையும் வாங்கி மாட்டிவிடாதே.

அன்புடன்,
அக்கா