அக்காவுக்கு வரி விழுந்த கதை

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சேன். எழுதி முடிச்சதும் அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "பேர் போடாத, ஊர் போடாத. மத்தபடி போட்டுக்கோடி. எனக்கு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்"னா. அதனால பேரும் ஊரும் இல்லை. மத்ததெல்லாம் நடந்தது. என் கிளாஸ் பசங்க படிச்சுட்டு நாளைக்கு நமட்டுச் சிரிப்போட வர வேண்டாம். கடைசி வரைக்கும் படிச்சுட்டு வாங்க :-)

அக்கா என்னைவிட அஞ்சு வயசு பெரியவ. ஐடி கம்பெனியில வேலை. சின்ன வயசுலேர்ந்தே ஒல்லி. காலேஜ்ல அவளுக்கு வச்ச பட்டப்பேரை இங்கே எழுத எனக்கு மனசு வரலை. பிளவுஸ் தைக்கக் குடுக்கப் போனா டைலரம்மா, "பேட் வச்சுத் தச்சிரலாம் கண்ணு"ன்னு சாதாரணமாச் சொல்லுவாங்க. அக்கா சிரிச்சுட்டு வந்துருவா. வீட்டுக்கு வந்தா அன்னிக்கு முழுக்கப் பேச மாட்டா.

இருபத்து நாலு வயசுல, தன் சம்பளத்துல சேர்த்த காசுல, மார்பகத்தைப் பெருசாக்கற ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. வீட்டுக்கு "ஆபீஸ் டூர்"னு பொய். எனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டடி ஹாலிடேஸ்னு சொல்லி நாலு நாள் அவ ரூம்ல இருந்து கஞ்சி வச்சுக் குடுத்தேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அக்கா கண்ணாடி முன்னாடி நின்னு அழுதா. சந்தோஷ அழுகைதான்.

ரெண்டாவது மாசம் அரிப்பு ஆரம்பிச்சுது. அப்புறம் கோடுகள். காம்பைச் சுத்தி, கீழ்ப்பக்கமா, சின்னப் பிள்ளைங்க சூரியன் வரைஞ்சு கதிர் போடுவாங்களே அது மாதிரி. சிவப்பும் ஊதாவுமா இருந்துது. அவ யார்கிட்டயும் சொல்லலை. எனக்கே சொல்லலை. தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர்னு என்னென்னவோ தடவியிருக்கா. டாக்டர் வரச் சொன்ன செக்கப்புக்கும் போகலை. ஏன்னு பின்னாடி கேட்டேன். "நீயாத்தானே போய்க் கேட்டு வாங்கிக்கிட்டேன்னு சொல்லிட்டா?"ன்னா.

ஒரு வருஷம் கழிச்சுத்தான் தோல் டாக்டர்கிட்ட போனோம். அதுக்குள்ள கோடெல்லாம் வெளுத்துப் போச்சு. அவங்க பார்த்துட்டு, "சிவப்பா இருந்தப்பவே வந்திருக்கலாமேம்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவே.

அப்புறம் நான் உக்காந்து படிச்சது இது. நம்ம தோல்ல மேலடுக்குக்குக் கீழே டெர்மிஸ்னு ஒரு அடுக்கு இருக்கு. கொலாஜன், எலாஸ்டின்னு நார் மாதிரி புரதங்கள் அதுல பின்னிக் கிடக்கும். இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். ஆனா அது ஈடு குடுக்கற வேகத்தைத் தாண்டி இழுத்தா உள்ளே அங்கங்கே அறுந்துபோகும். மேல்தோல் கிழியாததால ரத்தம் வராது. அந்த உள்காயம் ஆறின தழும்புதான் வெளியில கோடாத் தெரியுது. கர்ப்பத்துல மட்டும் வர்றதில்லை. வயசுக்கு வர்ற சமயத்துல, வேகமா வெயிட் போட்டா, ஜிம்ல உடம்பு ஏத்தினா (ஆமா, ஆம்பளைப் பசங்களுக்கும்தான்), ஸ்டீராய்டு க்ரீமை ரொம்ப நாள் தடவினா, எல்லாத்துலயும் வரும். எனக்கே ஒன்பதாவது படிக்கறப்போ இடுப்புல விழுந்துது.

வயிறு ஒன்பது மாசமா மெதுவா விரியறப்பவே கோடு விழுது. இந்த ஆபரேஷன்ல ஒன்றிரண்டு மணி நேரத்துல, ஒவ்வொரு பக்கமும் ஒரு பெரிய டம்ளர் அளவு உள்ளே போயிடுது. புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தவங்களுக்குத் திரும்ப உருவாக்கறப்போ, பல சமயம் முதல்ல எக்ஸ்பாண்டர்னு ஒரு பையை வச்சு, வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா உப்புத்தண்ணி ஏத்தித் தோலைப் பழக்குவாங்க. அழகுக்காகப் பண்றதுல வழக்கமா அப்படிக் கிடையாது. ஆனாலும் பெரும்பாலானவங்களுக்கு இந்தக் கோடு வர்றதில்லை. இளவயசு, இதுவரை பிள்ளை பெறாத உடம்பு, ஏற்கெனவே வேற இடத்துல கோடு விழுந்த தோல், இதெல்லாம் இருந்தா வாய்ப்பு கூடும்னு மருத்துவக் கட்டுரைகள் சொல்லுது. அக்காவுக்கு மூணுமே பொருந்தும். போதாததுக்கு டாக்டர் 275 சிசி போதும்னாராம். 350 வேணும்னு அடம் பிடிச்சது இவதான். இதை எழுதச் சொன்னதும் அவதான்.

இந்த ஆபரேஷனோட கதையே சொல்லாமலும் கேட்காமலும் வளர்ந்த கதைதான். முதல் சிலிக்கோன் இம்ப்ளான்ட் 1962ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல டிம்மி ஜீன் லிண்ட்சேங்கற பெண்ணுக்கு வச்சாங்க. அவங்க அதைக் கேட்டுப் போகலை. நெஞ்சுல குத்தியிருந்த பச்சையை எடுக்கத்தான் போனாங்க! பாதுகாப்புக் கேள்விகள் கிளம்பி 1992ல அமெரிக்க எஃப்.டி.ஏ. சிலிக்கோனை அழகுக்காக வைக்கறதை நிறுத்தி வச்சுது. 2006ல திரும்ப அனுமதிச்சப்போ 22 வயசு ஆகியிருக்கணும்னு சொல்லுச்சு. வைக்கறதுக்கு முன்னாடி ஆபத்துகளை ஒவ்வொண்ணாப் பேசிக் கையெழுத்து வாங்கணும்னு அவங்க கட்டாயம் ஆக்கினது 2021லதான். அதுலயும் முக்கியமா வர்றது இம்ப்ளான்ட் கிழியறது, சுத்தி இறுகறது, திரும்ப ஆபரேஷன் தேவைப்படறது மாதிரி பெரிய விஷயங்கள். கோடு விழறது உயிர் போற விஷயம் இல்லையே. அதனால அது கடைசிப் பக்கம்.

2018ல சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷனை இலவசமாப் பண்ணப் போறதா நம்ம அரசு அறிவிச்சது ஞாபகம் இருக்கா? நான் அப்போ எட்டாவது. டிவியில செய்தி வந்ததும் அப்பா சேனலை மாத்தினார். அக்கா பக்கத்துலதான் உக்காந்திருந்தா.

போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கறப்போ அம்மா பார்த்துட்டாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சோம். ஒண்ணும் சொல்லலை. புடவையை விலக்கித் தன் வயித்தைக் காட்டி, "எனக்கும்தான் இருக்கு, இதுக்குப் போயா அழற?"ன்னாங்க. அக்கா, "உனக்கு அதுக்குப் பதிலா நாங்க ரெண்டு பேர் இருக்கோம்மா. எனக்கு என்ன இருக்கு?"ன்னா. சினிமாவா இருந்தா அம்மா இங்கே ஒரு டயலாக் சொல்லியிருப்பாங்க. எங்கம்மாவுக்கு ஒண்ணும் தோணலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "வலிக்குதாடி?"ன்னு கேட்டாங்க. ரெண்டு வருஷத்துல அதை அவகிட்ட கேட்ட முதல் ஆள் அம்மாதான். நான்கூடக் கேட்டதில்லை.

உங்க வீட்டுல, ஹாஸ்டல்ல யாராவது இந்த யோசனையில இருந்தா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். அது அவங்க உடம்பு. மூணு விஷயம் மட்டும் சொல்லுங்க.

1. "என் தோல் எவ்வளவு தாங்கும்?"னு டாக்டரைக் கேட்கணும். உடம்புல ஏற்கெனவே கோடு இருந்தா காட்டணும்.

2. கோடு வந்தா சிவப்பா இருக்கறப்பவே போகணும். லேசர் மாதிரி சிகிச்சைகள் புதுக் கோட்டுலதான் நல்லா எடுபடும். அப்பவும் மங்கும், முழுசா மறையாது. எண்ணெயும் கோகோ பட்டரும் கோட்டைத் தடுக்கும்ங்கறதுக்கு நல்ல ஆதாரம் இல்லை. கர்ப்பிணிகள்கிட்ட நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012லயே காக்ரேன் அமைப்பு சொல்லிடுச்சு.

3. இம்ப்ளான்ட்டை எடுத்துட்டா கோடு போயிடும்னு நினைக்க வேண்டாம். போகாது.

ஆபரேஷன் பண்ணிக்கிட்டதுக்கு வருத்தப்படறியான்னு அக்காவைக் கேட்டேன். "அதுக்கு இல்லடி. அந்த ஒரு வருஷம் கதவைச் சாத்திக்கிட்டு எண்ணெய் தடவினேன் பாரு, அதுக்குத்தான்"னா.

பி.கு: டைலரம்மா போன வாரமும் பேட் வைக்கட்டுமான்னு கேட்டாங்க. இந்தத் தடவை என்கிட்ட. "வேணாங்க்கா, அளவை மட்டும் எடுங்க"ன்னு சொல்லிட்டேன்.