ரதத்துக்குப் பின்னால் 42

புனேயின் சிவாஜி நகரில் லோனாவாலா லோக்கல் ஏறினால் கட்கி, தாபோடி, காசர்வாடி, பிம்ப்ரி, அடுத்தது சிஞ்ச்வட். ஆனி மாதத் தூறலில், ஒரு சாயங்காலம் அங்கே இறங்கினேன். மறுநாள் காலை, மராத்தி பக்திக் கவி துக்காராம் மகாராஜின் பால்கி, அதாவது பல்லக்கு, அந்த ஊர் வழியாகப் பண்டரிபுரம் போகிறது. முப்பது வருஷமாக அதைப் படமெடுத்துவரும் ஒரு ஸ்டுடியோக்காரரைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். கேமரா வாங்கிய கையோடு லடாக்குக்கும் காசிக்கும் புஷ்கருக்கும் கிளம்பிவிடுகிறோம். ஒரே ஊரில், ஒரே சாலையோரத்தில் நின்று ஒருவர் இத்தனை வருஷம் என்னதான் எடுத்திருப்பார்?

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அண்ணன் என்றே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தமிழர்தான். வேலூர்ப் பக்கத்திலிருந்து தேஹு ரோடு ராணுவக் கிடங்கு வேலைக்கு வந்த குடும்பம். தேஹு ரோட்டில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், குன்றின் மேல் முருகன் கோயிலும் இருக்கிறது. அண்ணன் அங்கே பிறந்து, மராத்திப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். கூட்டிக் கழிக்கும்போது மட்டும் மராத்தியில் முணுமுணுக்கிறார்.

கடை சின்னது. முன்னால் நீலத்திரையும் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் ஸ்டூலும். பின்னால் மேஜை மீது டிரேசிங் பேப்பரில் கூடாரம் கட்டி, அதற்குள் ஒரு பேரிங்கை வைத்திருந்தார். 1954-ல் பிம்ப்ரியில் வந்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ், பிறகு டெல்கோ, ஆகுர்டியில் பஜாஜ் என்று பெரிய ஆலைகள் எழுந்த பட்டை இது. அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள். அந்தப் பட்டறைகளின் விலைப்பட்டியலுக்குப் பாகங்களைப் படமெடுத்துத் தருவதுதான் அண்ணனின் வயிற்றுப் பிழைப்பு.

பளபளக்கும் எஃகை எடுப்பது லேசில்லை. எதிரே நிற்கும் கேமரா, கை, டியூப் லைட் எல்லாமே அதில் தெரியும். அதனால்தான் கூடாரம். வெளிச்சம் காகிதத்தில் வடிகட்டி உள்ளே வருகிறது. விளிம்பு வெண்மைக்குள் கரைந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் கறுப்பு அட்டைப் பட்டை செருகுகிறார்.

“பேரிங்கை எடுக்கறோம்னு நினைக்கக் கூடாது தம்பி. அது எதைப் பாக்குதோ அதைத்தான் எடுக்கறோம்” என்றார்.

இந்தியத் தொழிற்சாலைகளைப் படமெடுத்தே பெயர் வாங்கியவர் மும்பையின் மித்தர் பேடி (1926–1985). புகைபோக்கியையும் குழாயையும் பார்க்கத்தக்க பொருளாக்கியவர். அவரை ஒரு பழைய பத்திரிகையில் பார்த்துத்தான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டாராம் அண்ணன். கை பழகியது ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமில். “நம்ம ஊர் ஃபிலிம்ல நம்ம சனத்தை எடுத்தேன்” என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே கட்டுக் கட்டாக மேக்ஸி பிரிண்ட்கள். எல்லாம் போன வருஷத்து வாரியில், அந்தப் பண்டரிபுர நடையாத்திரையில், எடுத்தவை. ஒன்றைத் திருப்பிக் காட்டினார். பென்சிலில் மராத்தி எழுத்து: ‘ரதாமாகே 42’. ரதத்துக்குப் பின்னால் 42.

அதைப் புரிந்துகொள்ள வாரியின் ஒழுங்கு தெரிய வேண்டும். துக்காராமின் கடைசி மகன் நாராயண் மகாராஜ் 1685-ல் தொடங்கி வைத்த ஊர்வலம் என்பார்கள். தேஹுவில் புறப்படும் பால்கி ஆகுர்டி விட்டல் கோயிலில் ஓரிரவு தங்கி, மறுநாள் சிஞ்ச்வட், பிம்ப்ரி வழியாகப் புனே போய்ச் சேரும். ஆளந்தியிலிருந்து வரும் ஞானேஸ்வரர் பால்கியும் அன்று புனே வந்துவிடும். பிறகு பண்டரிபுரம் வரை ஏறக்குறைய இரண்டு வார நடை. நடப்பவர்கள் திண்டி என்ற குழுக்களாகப் போகிறார்கள். ஒவ்வொரு திண்டிக்கும், பால்கியை ஏற்றிய ரதத்துக்கு முன்னால் இத்தனையாவது, பின்னால் இத்தனையாவது என்று எண் உண்டு. வருஷம் மாறினாலும் இடம் மாறாது. ஆகவே லட்சக்கணக்கான முகங்களில் ஒரு முகத்தை அடுத்த வருஷம் தேடிப் பிடிக்க முடியும். எண் தெரிந்தால் போதும்.

துக்காராம் நமக்கு அந்நியரில்லை. புனேயின் பிரபாத் நிறுவனம் 1936-ல் எடுத்த ‘சந்த் துக்காராம்’ வெனிஸ் திரைப்பட விழா வரை போயிற்று. 1938-ல் தமிழில் வந்த ‘துக்காராம்’ படத்தில் நடித்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். நம் பஜனை மடங்களில் இன்றைக்கும் அவர் பாடிய அபங்கம் ஒலிக்கிறது.

மறுநாள் விடியுமுன்பே பழைய மும்பை–புனே சாலையில் நின்றோம். பெண்கள் வாசலில் கோலமிடுவதுபோலத் தார்ச்சாலையில் ரங்கோலி போட்டுக்கொண்டிருந்தார்கள். டீ அண்டாக்கள், வாழைப்பழத் தார்கள். உள்ளூர்ச் செருப்புத் தொழிலாளிகள் சிலர் சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாரிக்காரர்களின் செருப்பை அன்று காசு வாங்காமல் தைத்துக் கொடுக்கிறார்கள்.

முதல் தாளச் சத்தம் கேட்டதும் நான் நடைமேம்பாலத்தின் படியேறினேன். மேலிருந்து பார்த்தால் வெள்ளைத் தொப்பிகளும் காவிக் கொடிகளும் சாலையை நிறைத்து வருவது கண்கொள்ளாக் காட்சி. பத்துப் படம் எடுத்திருப்பேன். கீழேயிருந்து அண்ணன் கை காட்டினார். இறங்கிப் போனேன்.

“மேலேருந்து எடுத்தா, அதை யாருக்குக் கொண்டுபோய்க் குடுப்பே?”

அந்த ஒரு கேள்விக்காகவே நான் சிஞ்ச்வட் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. வாரியை வானத்திலிருந்து எடுத்த படங்கள் நிறைய உண்டு. உத்தவ் தாக்கரே எடுத்தவை ‘பஹாவா விட்டல்’ என்று புத்தகமாகவே வந்திருக்கின்றன. கூட்டத்தின் பெருக்கத்தைக் காட்ட அந்தக் கோணம் வேண்டும்தான். அண்ணனுக்குப் பெருக்கம் வேண்டாம், ஆள் வேண்டும். அடுத்த வருஷம் அந்த ஆள் கையில் படத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதால், அவர் நிற்கும் இடம், லென்ஸ், எடுக்கும் நொடி மூன்றையும் அந்தக் கடமையே தீர்மானிக்கிறது. 35 மில்லிமீட்டர் லென்ஸோடு நாலடி தூரத்தில் நின்றுதான் எடுக்கிறார். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், அது அவருக்கே பிடித்த முகமாக இருக்க வேண்டும். வாய் கோணிய நொடியையும், சேலை விலகிய நொடியையும், சோர்ந்து சரிந்த உடம்பையும் அவர் எடுப்பதேயில்லை. பத்திரிகைப் பரிசுகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட நொடிகளுக்குத்தான் போகின்றன. அண்ணன் பக்கம்தான் நியாயம் என்பேன்.

அவர் கையைக் கவனித்தேன். வாரிக்காரர்களுக்கு வேட்டி, சட்டை, தொப்பி எல்லாம் வெள்ளை. கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் கணக்குப் போடும். அதன் பேச்சைக் கேட்டால் வெள்ளை அழுக்காகிவிடும், தொப்பிக்குக் கீழே முகம் கரியாகிவிடும். அண்ணன் இடது உள்ளங்கையை மேகத்துக்கு நேரே விரித்து, அதை அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்து வைத்தார். வெளிச்சம் மாறும்வரை அதைத் தொடவேயில்லை. ஷட்டரை நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கினார். பாட்டில் லயித்த முகம் ஒரு கணம் அசையாமல் நிற்கும், தாளம் தட்டும் கைகள் மட்டும் பனிபோலக் கலங்கும். எஃகுக்கு முன்னால் பழகிய பொறுமை இங்கே உதவுகிறது என்று எனக்குப் பட்டது. பேரிங்கைப் போலவே வெள்ளைத் துணியும் சுற்றியிருப்பதை வாங்கிக் காட்டுகிறது.

மழை வலுத்தது. கேமராவுக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டினார். மழை படத்தில் விழ வேண்டுமானால் பின்னால் இருட்டு வேண்டும், வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். ஆகவே மேம்பாலத்தின் நிழலுக்கு எதிரே போய் நின்றுகொண்டார். மழையைப் பார்த்ததும் எனக்கு ரகுபீர் சிங் 1967-ல் பிகாரின் மோங்கீரில் எடுத்த படம் நினைவுக்கு வந்தது. கங்கைக் கரை மழையில் ஒருவரையொருவர் ஒட்டி நிற்கும் நான்கு பெண்கள். அதுவும் அருகே நின்று எடுத்ததுதான்.

பின்னால் 42 வந்தது.

“மாவுலி!” என்று கூப்பிட்டபடி உள்ளே நுழைந்தார். தாய் என்று பொருள், வாரியில் எல்லாரும் எல்லாரையும் அழைக்கும் சொல் அதுதான். நடையை நிறுத்தாமலே உறையைப் பிரித்தார். ஒரு பெரியவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். தன் முகத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் உறையில் இருந்த ஹரிபாட் பாடல் புத்தகத்துக்குள் அதைச் செருகிவிட்டுத் தாளத்தை எடுத்துக்கொண்டார். தலையில் துளசி மாடம் சுமந்த ஓர் அம்மா, பக்கத்தில் நிற்கும் இருவருக்கும் ஆளுக்கொன்று வேண்டும் என்றார். அண்ணன் நோட்டில் குறித்துக்கொண்டார். இன்னொரு படத்தைத் திண்டித் தலைவர் வாங்கிப் பார்த்தார். அந்த ஆள் சித்திரையில் போய்விட்டாராம். “வீட்டுல குடுத்துடறேன். அவங்ககிட்ட ஆதார் கார்டுல இருக்கற மூஞ்சிதான் இருக்கு” என்றார். அண்ணன் தலையசைத்துவிட்டு நடந்தார். கொஞ்ச நேரம் கேமராவைத் தூக்கவில்லை.

சாலையோரம் செருப்புத் தைப்பவரிடம் வந்து குந்தினார். முகத்தை விட்டுக் கையை எடுத்தார். மெழுகு தேய்த்த நூல், ஊசி நுழைந்த இடத்தில் ஈரத் தோல், மழையில் ஊறி வெளுத்த விரல் நுனி. இந்தப் படம் மட்டும் உடனே கடைக்குப் போய் அச்சாகி மதியமே அவரிடம் போய்ச் சேர்ந்தது. உள்ளூர்க்காரர் ஆயிற்றே.

பிற்பகல் பவனா ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். மோரயா கோஸாவியின் சமாதிக் கோயில் அங்கே இருக்கிறது. ‘கணபதி பப்பா மோரயா’ என்ற முழக்கத்தில் வரும் மோரயா அவர்தான் என்பார்கள். மேலே அணை திறந்தால் ஆறு கோயிலுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரே படிக்கட்டை, ஒரே இடத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறார் அண்ணன். ஒரு படத்தில் ஆறு படிகள், இன்னொன்றில் இரண்டு, ஒன்றில் தண்ணீர் மட்டும். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் நாட்டு ஜோசப் சுடெக், பிராக் நகரில் தன் ஸ்டுடியோ ஜன்னலை 1940 முதல் 1954 வரை எடுத்துக்கொண்டேயிருந்தார் என்று சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். “ஜன்னல் கண்ணாடியில பனி பிடிச்சா பேரிங் மாதிரி இருக்கும், நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றார்.

நான் கிளம்பும்போது பிஸ்கட் டின்னில் பதினோரு படங்கள் மிச்சமிருந்தன. அந்தத் திண்டிகளைக் கூட்டத்தில் தவறவிட்டிருந்தார். அடுத்த வருஷம் கொடுத்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தார்.

தைப்பூசத்துக்குப் பழனிச் சாலையிலும், ஆடியில் ஊர்த் திருவிழாக்களிலும் கேமராவோடு நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பாதயாத்திரைக் குழு ஒவ்வொன்றும் ஊர்ப் பெயர் எழுதிய பேனரோடுதான் நடக்கிறது. முகத்தை எடுக்கும் முன் அந்தப் பேனரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேக்ஸி பிரிண்டுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய்தான் ஆகும். அடுத்த வருஷமும் அவர்கள் அதே வழியாகத்தான் வருவார்கள்.