பேசும் முன் ஒரு முகவரி

எவ்வளவு அழகாக எழுதிய கடிதமானாலும், உறையின் மேல் முகவரி இல்லையேல் அது ஊர் போய்ச் சேராது. வானதூதர் கபிரியேல் கொண்டுவந்த மங்கள வார்த்தையைப் பற்றிச் சொல்ல வந்த புனித லூக்காவும், முதலில் முகவரியைத்தான் எழுதுகிறார். நாடு கலிலேயா, ஊர் நாசரேத்து, தாவீது குலத்து யோசேப்புக்கு மண ஒப்பந்தமான கன்னி, அவர் பெயர் மரியா. இத்தனையும் சொன்ன பிறகே வாழ்த்து வருகிறது! அந்தக் கபிரியேலையே தொலைத்தொடர்புப் பணிகள் அனைத்துக்கும் பாதுகாவலராகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் அறிவித்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம்.

தோழியரே! இன்று அலுவலக மேசைகளில் இருக்கும் ஐ.பி. போன்களும் இப்படித்தான். தனக்கென ஒரு முகவரி கிடைக்கும் வரை அவற்றால் ஒரு 'ஹலோ' கூடச் சொல்ல முடியாது. அந்த முகவரியை யார் கொடுக்கிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைச் சென்ற மே விடுமுறையில் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

என் அம்மா கோவையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் 19 ஆண்டுகளாகத் தொலைபேசி ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டு, உரியவருக்கு இணைத்துக் கொடுப்பது அவர் வேலை. அந்தப் பழைய எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்டு ஐ.பி. போன்கள் வைக்கப் போகிறார்கள் என்று ஏப்ரலில் செய்தி வந்தது. அன்று இரவு ஜெபமாலை முடிந்ததும் அம்மா மெல்லச் சொன்னார்: "மெஷினே எல்லாருக்கும் லைன் போட்டுக் குடுத்துருமாமா. அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?" எனக்கும் தம்பிக்கும் பள்ளிக் கட்டணம் போவது அந்தச் சம்பளத்திலிருந்துதான். அப்பா பதில் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் அச்சம் புதிதன்று. தொலைபேசி நம் நாட்டுக்கு வந்தது 1882-இல். அவ்வாண்டு சனவரி 28-ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் எக்ஸ்சேஞ்சுகளும் முறைப்படி திறக்கப்பட்டன. அதற்கு முன்பே 1878 செப்டம்பர் 1-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்பவர் உலகின் முதல் பெண் ஆபரேட்டராகப் பணியில் சேர்ந்திருந்தார். அதுவரை அவ்வேலையைச் செய்த சிறுவர்கள் பேசுவோரிடம் மரியாதையின்றி நடந்துகொண்டார்களாம்! பெண்களின் பொறுமையால் அந்தத் தொழில் பெண்களின் தொழிலாயிற்று. ஆனால் 1891-இல் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் ஆபரேட்டர் இன்றித் தானே இணைக்கும் எக்ஸ்சேஞ்சுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-இல் சிம்லாவில் வந்தது. 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, டிரங்க் கால் பதிவு செய்து காத்திராமல் நேராக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. ஒவ்வொரு முறையும் எங்கோ சில நாற்காலிகள் காலியாகியிருக்கும் அல்லவா?

இதில் ஒரு தற்செயல் நேர்ந்தது. மில்லில் அந்த வேலையை எடுத்துச் செய்த காந்திபுரம் நிறுவனத்தில் என் பெரியம்மா மகள் பணிபுரிகிறார். பாலிடெக்னிக்கில் படித்தவர். கேபிள்களுக்கு லேபிள் எழுதி ஒட்ட என்னையும் அழைத்துக்கொண்டார். மூன்று நாள் உடன் இருந்தேன்.

முதலில் பார்த்தது ஸ்விட்ச் என்னும் கருவி. விளக்குப் போடும் சுவிட்ச் அன்று. ஒரு தட்டையான பெட்டி. அதன் முகத்தில் 24 துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு கேபிள் புறப்பட்டு ஒவ்வொரு மேசைக்கும் போகிறது. அந்த ஒரே கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள். அவை பேச்சையும் கொண்டு செல்கின்றன, போனுக்கு வேண்டிய மின்சாரத்தையும் கொண்டு செல்கின்றன! 2003-இல் வகுத்த விதிப்படி ஒரு துளை 15.4 வாட் வரை கொடுக்கலாம். 24 துளைக்குக் கணக்கிட்டால் 369.6 வாட். சாதாரண மேசைப் போனுக்கு 7 வாட்டே போதும் என்று அக்கா சொன்னார்.

அடுத்தது முகவரி. ஒவ்வொரு போனின் அடியிலும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை அச்சாகியிருக்கும். தொழிற்சாலையிலேயே இடப்படும் அதற்கு மேக் முகவரி என்று பெயர். அதை நம் ஞானஸ்நானப் பெயர் எனலாம். எங்கே போனாலும் மாறாது. ஐ.பி. முகவரியோ வகுப்பின் வருகைப் பதிவேட்டு எண் போன்றது. இந்த வகுப்பில் 12; அடுத்த ஆண்டு வேறு வகுப்பில் 31.

அந்தப் பதிவேட்டு எண்ணைக் கொடுக்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். புதிதாக ஒரு மாணவி வகுப்பில் நுழைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். யாரையும் அவளுக்குத் தெரியாது. வாசலில் நின்று, "எனக்கு இடம் தருவார் யாரேனும் உண்டா?" என்று பொதுவாகக் கேட்கிறாள். "51-ஆம் இடம் காலி" என்கிறார் ஆசிரியை. "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறாள். "சரி, எழுதிக்கொண்டேன்" என்கிறார் ஆசிரியை. கேட்டல், காட்டல், ஏற்றல், உறுதி செய்தல் என்னும் நான்கே படிகள்! ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகின்றன. அத்தோடு, பேச்சை இணைக்கும் தலைமைக் கருவி எங்கே இருக்கிறது என்பதையும் போனுக்குச் சொல்லிவிடலாம். அந்தத் தலைமைக் கருவிக்கு மட்டும் முகவரி மாறவே கூடாது. தலைமை ஆசிரியையின் அறை நாளுக்கு ஓரிடமாக மாறினால் யார் கண்டுபிடிப்பது?

1981-இல் வகுத்த முறைப்படி உலகில் இருக்கக்கூடிய இந்த முகவரிகள் 429 கோடியே சொச்சம். அது போதாது என்று கண்டு, 192.168 என்று தொடங்குவன போன்ற சில எண்களை அலுவலகத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் மட்டும் புழங்க ஒதுக்கிவிட்டார்கள். கோவை மில்லிலும் ரோமாபுரி மடத்திலும் ஒரே எண் இருக்கலாம், சண்டை வராது. ஒவ்வொரு பள்ளியிலும் 'பத்தாம் வகுப்பு, எண் 12' இருக்கிறாளே!

அக்கா கணினிகளுக்கு 192.168.10 என்று ஒரு தெருவும், போன்களுக்கு 192.168.20 என்று ஒரு தெருவும் வகுத்தார். ஒரு தெருவில் 254 வீடு. "ஒரே கேபிளில்தானே இரண்டும் போகின்றன, ஏன் பிரிக்க வேண்டும்?" என்று கேட்டேன். "அவிநாசி ரோட்டில் மேம்பாலம் எதுக்குக் கட்டினாங்க?" என்று திருப்பிக் கேட்டார். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளத்தில், ஜி.டி. நாயுடு அவர்களின் பெயர் தாங்கி 2025-இல் திறந்த பாலம் அது. சாலை ஒன்றுதான், ஆனால் மேலே போகும் வண்டி கீழே உள்ள நெரிசலில் சிக்குவதில்லை. இதை வி-லேன் என்கிறார்கள். நம் குரலை ஐ.பி. போன் பொதுவாக நொடிக்கு 50 துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. கணினியில் ஒருவர் பெரிய படத்தை இறக்கினால் அது ஒரு நொடி தாமதித்து வந்தாலும் குற்றமில்லை. பேச்சு அப்படியன்று. வாயிலிருந்து காதுக்குப் போக 150 மில்லி நொடிக்கு மேல் ஆகாதிருப்பதே நல்லது. ஆகவே பேச்சுக்குத் தனி வழியும், முதல் மரியாதையும்.

நம் மாநில அரசின் அலுவலகங்களும் இவ்வழியில் இணைந்துள்ளன. எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள டி.என்.ஸ்வான் என்னும் வலையமைப்பு, தலைமைச் செயலகம் முதல் மாவட்டம், வட்டம் வரை தகவலையும் பேச்சையும் படத்தையும் ஒன்றாகவே எடுத்துச் செல்கிறது.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். முதல் நாள், எந்த அறைக்கு எந்த எண் என்ற பட்டியலை அக்கா கேட்டபோது, அலுவலகத்தில் இருந்த அச்சிட்ட பட்டியல் ஏழாண்டுப் பழையது. பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அம்மா தம் மேசை அறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார். டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ், பஞ்சுக் குடோன், எடை மேடை, கேட், டிஸ்பென்சரி என 44 இடங்களும், அங்கே யார், எந்த ஷிப்டு, யாருக்குக் காது மந்தம் என்பது வரை அதில் இருந்தது! அக்கா அந்த நோட்டைப் பார்த்தே முழுத் திட்டத்தையும் வரைந்தார்.

இரண்டாம் நாள் அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் அம்மிணி, கரண்டு போச்சுன்னா இந்தப் போனு பேசுமா?"

"பேசுமுங்க சித்தி. ஸ்விட்ச்சுக்கு யு.பி.எஸ். இருக்குதுங்க."

"ஆபீஸுக்குச் சரி. கேட்டுக்கும் டிஸ்பென்சரிக்கும்?"

அக்கா சற்று நேரம் பேசவில்லை. இத்தகைய கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கேட் அதைவிடத் தொலைவு. ஆகவே அங்கே தனியாக ஒரு சிறு ஸ்விட்ச் வைக்கத் திட்டம். கேட்டும் பக்கத்திலுள்ள டிஸ்பென்சரியும் அதைச் சார்ந்தவை. அதற்கு மின்சாரம் சாதாரண பிளக்கில்தான்! பழைய போன்களுக்கு எக்ஸ்சேஞ்சின் பாட்டரியே கம்பி வழியாக உயிர் கொடுத்தது. மின்சாரம் போனாலும் மணி அடிக்கும். ஒருமுறை இரவு ஷிப்டில், மின்தடையின்போது ஒரு தொழிலாளியின் கையில் அடிபட்டதையும், அந்த இருட்டிலும் கேட் போனிலிருந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்ல முடிந்ததையும் அம்மா நினைவில் வைத்திருந்தார். மானேஜர் அன்றே இன்னொரு யு.பி.எஸ்.ஸுக்கு ஒப்புதல் அளித்தார். கேட், டிஸ்பென்சரி இரண்டின் முகவரிகளையும் அவற்றின் மேக் முகவரியோடு கட்டி, வேறு எவருக்கும் போகாதபடி அக்கா ஒதுக்கி வைத்தார்.

திங்களன்று ஒரு குழப்பம். காலையில் ஏழு போன்கள் ஊமையாயின. அக்கா அவற்றின் திரையைப் பார்த்தார், முகவரி 192.168.0 என்று வேறு தெருவைக் காட்டியது. யாரோ ஒருவர் தம் கைப்பேசிக்கு இணையம் வேண்டி, வீட்டிலிருந்து ஒரு சிறு ரவுட்டரைக் கொண்டுவந்து, போனுக்கென விட்டிருந்த ஓர் உபரித் துளையில் செருகியிருந்தார். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது! ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியைகள் நின்று இடம் காட்டினால் என்ன ஆகும்? எந்தத் துளை வழியாக அது பேசுகிறது என்று ஸ்விட்சின் பட்டியலில் தேடி, அரை மணியில் கண்டுபிடித்து எடுத்தார்கள். இனி ஒரே ஒரு துளையிலிருந்து மட்டுமே முகவரி வரலாம், வேறு எங்கிருந்து வந்தாலும் தள்ளிவிடு என்று ஸ்விட்ச்சுக்குக் கட்டளையும் இட்டார்கள்.

அம்மாவின் வேலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வெளியழைப்பை இப்போது ஒரு பதிவுக் குரல் எடுக்கிறது: ஸ்டோர்ஸுக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு இரண்டு. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கணவரைத் தேடும் பெண்ணுக்கு எந்த எண் அழுத்துவது? அதனால் பகல் வேளையில் சுழியத்தை அழுத்தினால் அம்மா பேசுவார். புதிய போன் வைப்பதும், இடம் மாற்றுவதும், முகவரிப் பட்டியலைத் திருத்துவதும் இப்போது அவர் பொறுப்பு. அக்கா நான்கு மாலைகள் வந்து கற்றுக்கொடுத்தார். சம்பளம் கூடவில்லை, குறையவும் இல்லை. இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு இது என்று அம்மா சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாயிற்று. யாருக்கு எந்த முகவரி என்பதை இயந்திரம் ஒரு நொடியில் தந்துவிடும். யாருடைய குரல் எந்த நேரத்திலும் கேட்க வேண்டும் என்பதை அதற்கு ஒரு மனிதர்தான் சொல்லித் தர வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர், அங்குள்ளவர்களைப் பெயர் சொல்லி அறிந்தவரே.

தோழியரே! நம்மில் பலர் நாளை கணினித் துறைக்குப் போவோம். கருவிகளைக் கற்போம், நன்றாகவே கற்போம். அதோடு, புதிய கருவி வைக்கும் இடத்தில் நெடுநாள் பணிசெய்தவரிடம் முதலில் போய் அமர்ந்து கேட்கவும் கற்போமாக. கபிரியேல் தூதர் நமக்குத் துணை நிற்பாராக!