பந்து இல்லாதவனின் ஓட்டம்

வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குப் பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தில் ஆடி வளர்ந்த கால்கள் அவை. நிறுத்திவைத்த பைக்குக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே பந்தை நுழைத்து எடுத்துப் போய்விடுவார்கள். மைதானத்துக்கு வந்தபின் அவர்கள் கற்க வேண்டியது அந்தப் பந்தை விடுவதை. எப்போது விடுவது என்பதில்தான் என் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி போகிறது.

பாஸ் என்றதும் எல்லோரும் உதைப்பவனின் காலைப் பார்க்கிறார்கள். நான் வாங்கப்போகிறவனைப் பார்ப்பேன். அவன் எந்த நொடியில் நகர்கிறான், மார்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பந்து வருமுன் ஒருமுறையாவது தோளுக்குப் பின்னால் பார்த்தானா என்பதிலேயே பாதி பாஸ் முடிவாகிவிடும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இந்தத் தலைதிருப்பலை வீடியோக்களில் எண்ணியே ஆராய்ந்தவர். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்க்கும் ஆட்டக்காரர்களின் பாஸ்கள் அதிகம் போய்ச் சேர்வதை அவர் கண்டார். எங்கள் மைதானத்தில் அதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு. வாங்குபவனுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். பந்து காலைத் தொடுமுன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். முதலில் திணறுவார்கள். போகப் போகக் கழுத்து தானாகவே திரும்பும்.

எதிரெதிரே இரண்டு வரிசை நிறுத்தி மாறி மாறிப் பாஸ் போடவைக்கும் பழைய பயிற்சி எனக்குப் பிடிப்பதில்லை. அதில் கால் பழகும், கண் பழகாது. நடுவில் பந்தைப் பறிக்க ஒருவன் இருந்தே ஆக வேண்டும். 1988இல் பார்சிலோனாவின் பயிற்சியாளராக வந்த யோகன் கிரைஃப் ரோண்டோவை அன்றாடப் பயிற்சியின் மையத்தில் வைத்தது இதற்காகத்தான். சுற்றி நான்கு பேர், நடுவே ஒருவன், சின்னச் சதுரம். புல் இல்லாத எங்கள் தரையில் கல் பட்டுப் பந்து எகிறும். அதனால் மென்மையாகத் தள்ளிவிட்டால் போதாது. தரையோடு, அழுத்தமாக, வாங்குபவனின் சரியான காலுக்குப் போக வேண்டும். பறிக்க வருபவனிடமிருந்து தள்ளியிருக்கும் காலுக்குப் போட்டால், “இடம் இருக்கு, திரும்பு” என்று அர்த்தம். பக்கத்துக் காலுக்குப் போட்டால், “ஆள் வர்றான், எனக்கே திருப்பிக் கொடு”. வாய் திறக்காமலே இவ்வளவும் சொல்லிவிடலாம். சில நாள் பேசவே கூடாது என்று ஆடவிடுவேன். “டேய், எனக்குப் போடுடா!” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் பந்து வைத்திருப்பவனுக்கு ஒரு பயனும் இல்லை. “மேன் ஆன்!” என்றாலோ “டைம் இருக்கு!” என்றாலோ அவனுக்கு அது கண்.

நேரம் எவ்வளவு நுணுக்கமானது என்பதை ஆஃப்சைடு விதியைப் போல வேறெதுவும் காட்டாது. ஸ்ட்ரைக்கர் பந்தை வாங்கும்போது எங்கே நின்றான் என்பது கணக்கில்லை. கூட்டாளியின் கால் பந்தைத் தொட்ட அந்த நொடியில் எங்கே இருந்தான் என்பதுதான் கணக்கு. கொடி உயர்ந்ததும் ஸ்ட்ரைக்கரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். பலமுறை பார்த்துவிட்டேன், பந்தை இன்னொரு தட்டு தட்டித் தாமதித்தது மிட்ஃபீல்டராக இருக்கும். அதனால் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டுப் பேசுவேன். ஓடுபவன் நேராகப் பாயாமல், டிஃபெண்டர்களின் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் வளைந்து ஓடி, பந்து வைத்திருப்பவன் தலை நிமிரும்போது உள்ளே பாய வேண்டும். அந்தத் தலை நிமிர்வுதான் இருவருக்கும் பொதுவான கடிகாரம்.

1970 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், மெக்சிகோவின் அஸ்டெக்கா மைதானத்தில், 86ஆவது நிமிடத்தில் பிரேசில் இத்தாலிக்கு எதிராக அடித்த நான்காவது கோலைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன். பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் பந்தை வாங்கிய பெலே உடனே உதைக்கவில்லை. நின்றார். பிறகு வலப்பக்கம், யாருமே இல்லாத இடத்துக்கு, அவசரமே இல்லாமல் உருட்டிவிட்டார். பின்னாலிருந்து முழு வேகத்தில் வந்த கார்லோஸ் ஆல்பெர்ட்டோ ஓட்டத்தைக் குறைக்காமலே அடித்தார். கோல் யாருடையது என்று கேட்டால் ஒருவர் கார்லோஸ் என்பார், ஒருவர் பெலே என்பார். மறுபடி ஓட்டி ஜெயர்சின்யோவைப் பார்க்கச் சொல்வேன். வலப்பக்க விங்கரான அவர் இடப்பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறார். அவரை மார்க் செய்ய வேண்டிய இத்தாலி டிஃபெண்டர் ஃபக்கெட்டியும் கூடவே இழுபட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் வலப்பக்கம் அத்தனை பெரிய வெற்றிடம்.

இதைப் பார்த்தபின் எங்கள் விங்கர் பையன் ஒருவன் ஆட்டத்துக்கு ஆட்டம் டிஃபெண்டரை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறான். பெரும்பாலும் அவனுக்குப் பந்து வருவதில்லை. “அண்ணா, நான் தொடவே இல்லையே” என்று ஒருநாள் வருத்தமாகச் சொன்னான். இப்போது என் நோட்டில் கோல்களோடு அப்படிப்பட்ட ஓட்டங்களையும் குறிக்கிறேன். ஆட்டம் முடிந்து வட்டமாக உட்காரும்போது முதலில் அவற்றை வாசிப்பேன், கோல் அடித்தவர்கள் அடுத்து.