கடல் ஒத்துக்கொள்ளுமா?

விடை கிடைத்ததும் பேனாவை மூடிவிடும் மாணவர் நம்மிடையே பலர். சரிபார்ப்பதை அவர்கள் வீண் வேலையென்று கருதுவர். அவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு என்னும் சிற்றூரை.

அவ்வூருக்கு மேற்கே கடலடியில் பேர்பெற்ற முத்துப் பார்கள் உள்ளன. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே ஒரு கம்பெனி அப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் அந்தப் பெருக்கம் திரும்பவில்லை.

வகுப்பிலே இதனை ஒரு கற்பனைக் கணக்காக்குவேன். பாரில் 100 இலட்சம் சிப்பிகள் உள்ளன. அவை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் பெருகுகின்றன. நாம் ஆண்டுதோறும் 12 இலட்சம் எடுக்கின்றோம். சிப்பித் தொகையை இலட்சத்தில் 'ந' என்போம். அது மாறும் வீதம் 0.1ந − 12. இதுவே நம் வகையீட்டுச் சமன்பாடு.

தொகை 120 ஆயின் வரவும் செலவும் சமமாகும். இருப்பதோ 100, குறை 20. அந்தக் குறை, கணந்தோறும் வட்டி ஏறும் கடனைப்போல், ஆண்டுக்குப் பத்து வீதம் வளரும். ஆகவே ந = 120 − 20வ. இங்கே 'வ' தொடக்கத்தில் 1. அது மாறும் வீதம் எப்போதும் அதன் பத்திலொரு பங்கு.

இனிச் சரிபார்ப்போம். தீர்வை வகையிட்டால் −2வ. சமன்பாட்டின் வலப்புறத்தில் இட்டால் 0.1(120 − 20வ) − 12, அதுவும் −2வ. தொடக்கத்தில் ந = 120 − 20 = 100. இரண்டும் பொருந்தின. 'வ' 6 ஆகும்போது, அதாவது ஏறக்குறைய 18 ஆண்டில், பார் வெறுமையாகும். 10 இலட்சமே எடுத்திருந்தால் 100 இலட்சம் குறையாது நின்றிருக்கும்!

இவ்வளவும் சொன்னபின் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இதற்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா?" என்றாள். அவள் தந்தையார் கடலட்டைக்குச் சுழியோடுபவர்.

நல்ல கேள்வி. 1892 முதல் 1902 வரை அங்கே முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. எடுக்கத்தக்க சிப்பி இல்லை. 1902இல் பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், நீரோட்டம் பெயர்க்கும் மணல் இளஞ்சிப்பிகளை மூடுவதையும், மீன்கள் அவற்றைத் தின்பதையும் எடுத்துரைத்தார். நம் சமன்பாட்டில் மணலும் இல்லை, மீனும் இல்லை. ஒரு பருவத்தில் 100 இலட்சம் 90 ஆகிவிட்டால், 10 இலட்சம் என்ற பத்திரமான அளவும் பாரை அழித்துவிடும்.

ஆகவே சரிபார்ப்பு மூன்று: தீர்வைச் சமன்பாட்டில் இடுவது ஒன்று, தொடக்க நிலையில் இடுவது மற்றொன்று, ஆண்டுதோறும் கடலில் இறங்கி எண்ணிப் பார்ப்பது மூன்றாவது. முதலிரண்டிலும் தவறினால் மாணவருக்கு மதிப்பெண் குறையும். மூன்றாவதை விட்டுவிட்டால் அந்தக் கரையில் அடுப்பெரியாது.