ஜோடி



சென்ற பருவத்தில் ஒருநாள், ஆங்கில வகுப்பில் சிஸ்டர் கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார்கள். ஒன்று ‘பேர்’, மற்றொன்று ‘கப்பிள்’. தமிழில் பொருள் எழுதச் சொன்னதும், நாங்கள் அனைவரும் இரண்டிற்கும் ‘ஜோடி’ என்று எழுதி நிமிர்ந்தோம்.

“அப்படியானால் கத்தரிக்கோல் எத்தனை?” என்று கேட்டார்கள்.

ஒன்றுதான்! ஆனால் ஆங்கிலத்தில் அதுவும் ஒரு ‘பேர்’. கால்சட்டையும் மூக்குக்கண்ணாடியும் அவ்வாறே. ‘கப்பிள்’ என்றால் கணவன் மனைவி. ஆனால் ‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’ என்று சொல்லி ஒருவர் கடன் வாங்கினால், பணம் இரண்டே நாளில் திரும்பும் என்று நம்பிவிடக் கூடாதாம். வகுப்பே சிரித்தது.

இலத்தீனில் ‘பார்’ என்றால் சமம், அதிலிருந்து ‘பேர்’. ‘கோப்புலா’ என்றால் கட்டு, அதிலிருந்து ‘கப்பிள்’. நம் தமிழில் ‘இணை’ என்னும் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. இணையற்றவர் என்றால் தமக்குச் சமமானவர் இல்லாதவர். இணைத்தல் என்றால் சேர்த்தல். ஆனால் கணக்குப் பாடத்தில் இணைகோடுகள் ஒருநாளும் சேர்வதில்லை! நம் விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் லைனும் கடலூர் லைனும் வந்து சேர்கின்றன. தண்டவாளங்கள் இரண்டு மட்டும் கடைசிவரை சேராமலே ஓடுகின்றன.

அன்று வீட்டுப்பாடம், இரு சொற்களையும் வைத்து வாக்கியம் எழுதுவது. ‘கப்பிள்’ என்பதற்குத் தோழியர் பலரும் தம் தாய் தந்தையரை எழுதினர். நான் கத்தரிக்கோலை மட்டும் எழுதிவிட்டு மற்றதற்கு இடம் விட்டேன். என் அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நோட்டைப் பார்த்த சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே அச்சே ஒரு ஜோடிதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த இரண்டு பாதிகளைச் சேர்த்துக் கட்டி, களிமண் கூழை உள்ளே ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டுப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை! இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். அதைச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து மறைப்பதுதான் அம்மாவின் வேலை.

கொலுவுக்குச் செட்டியாரும் செட்டிச்சியும் ஜோடியாகத்தான் விற்பனை. சூளையில் ஒன்று விரிசல் விட்டால் மற்றது விலை போகாது. சென்ற ஆண்டு அப்படித் தனியாக நின்ற ஒரு செட்டிச்சியை அம்மா வீட்டுக்கு வாங்கி வந்தார்.

“அடுத்த சூளையில வர்ற செட்டியாரோட சேத்து வித்திருக்கலாமேம்மா?” என்று கேட்டேன்.

“அச்சு ஒண்ணுதான்டி. சூடு கூடக் குறைய இருந்தா, ஒண்ணு அதிகமா சுருங்கிடும். பக்கத்துல வச்சா தெரிஞ்சிடும்” என்றார்.

நவராத்திரிக்கு எங்கள் வீட்டிலும் சிறிய கொலு வைத்தோம். செட்டியார் தம்பதியின் முன் அரிசி, பருப்பு பரப்பிக் கடை வைப்பது வழக்கம் அல்லவா? அம்மா செட்டிச்சியை நடுவில் உட்கார வைத்து, அவள் முன்னால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எல்லாவற்றையும் நிரப்பினார். பக்கத்தில் இடம் வெறுமையாக இருந்தது. அங்கே வேறு ஏதாவது பொம்மை வைக்கலாமா என்று கேட்டேன்.

“வேணாம். கடைய அவளே பாத்துக்குவா” என்றார் அம்மா.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி